பத்தாவது ஆளும் கேட்டாண்ட நிக்கிற ஆளும்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய் இருந்தா ஆவடி லோக்கல்ல எனக்கு ஆயுசுக்கும் சீட்டு கெடைக்கக் கூடாது. நின்னுகினே போய் நின்னுகினே வரணும். ஆறாவதோட ஸ்கூலு என்ன கைகழுவி உட்டுட்சி. அதனால நான் வாயால சொல்றேன், எம்பொண்ணு போன்ல டைப் அடிக்குது. எழுத்துல தப்பு இருந்தா அவளக் கேளுங்க. மேட்டர்ல தப்பு இருக்காது, அதுக்குத்தான் சத்தியம் பண்ணிக்கீறேன்.

செக்யூரிட்டி தொழில்ன்றது இன்னா தெரியுமா? உள்ள வர்றவன் எல்லாம் உன்ன மொறைப்பான். உன்னப் பாத்துட்டு உள்ள வராம திரும்பிப் போன திருடன் ஒருத்தன்தான் உன் வேலைக்கு சாட்சி, அவன் வந்து உனக்கு சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டான். வாழ்க்கையில எங்கயாச்சும் ஒரு கேட்டாண்ட நின்னு, ‘யாரு சார் நீங்க’ன்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கினவங்களே, இது உங்களுக்குத்தான்.

வேலைக்கு அனுப்ன கத

நான் அம்பத்தூர்ல ஒரு செக்யூரிட்டி கம்பெனில சூப்ரவைசர். அதுக்கு முன்னாடி கல்யாண மண்டபத்துல பவுன்சர். ஒரு நாள் மொதலாளி கூப்ட்டு, ‘அயனம்பாக்கத்துல ஏரிக்கு பக்கத்துல ஒரு ஊட்ல யூதர்ங்க ஜெபம் பண்றாங்க, போய் அவங்களுக்கு கேட்டு காவல் கத்துக்குடு’ன்னாரு. நான் சர்ச்சுன்னு நெனச்சிகினு போய்ட்டேன். உள்ள போனா சிலுவையும் இல்ல, செலையும் இல்ல. ஒரு மர அலமாரிக்கு நல்ல வெல்வெட் தெர போட்டு வச்சிருந்தாங்க. உள்ள அவங்க வேதம் கீதாம். வர்ற ஆம்பளைங்க எல்லாம் தலைல சின்னதா ஒரு வட்டத் தொப்பி.

பெரியவரு பேரு ஐசக் சார். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து பட்டறைல இருந்து ரிட்டயர் ஆனவரு. மும்பை பக்கத்து ஆளு, ஆனா நம்பள உட நல்லா தமிழ் பேசுவாரு. விஷயம் இதான். அவங்க ஜெபத்துக்கு பத்து ஆம்பளைங்க வேணும். ஒன்பது பேரு இருந்தா பாதி ஜெபம்தான், முக்கியமானத சொல்ல முடியாது. அதுல ஒண்ணு, செத்தவங்களுக்காக புள்ள சொல்றது. இந்த ஊர்ல அவங்க மொத்தமே கொஞ்சம் குடும்பம். வெளிநாட்டுல எங்கயோ அவங்க ஜனம் கும்புடுற எடத்துல பூந்து அடிச்சத டிவில பாத்துட்டு, அதுலயும் பாதி பேரு வர்றத நிறுத்திட்டாங்க.

அங்க சமையல்கட்ட பாத்துக்கறது ரெபேக்கா அக்கா. அது வூட்டுக்காரரு சாலமன் போன வருசம் தவறிட்டாரு. மழ காலம் முடியசொல்லோ மொத வருச நினைவு நாளு வருது. அன்னிக்கி அது புள்ள டேனி அந்த ஜெபத்த சொல்லணும். பத்து பேரு வந்தாத்தான் சொல்ல முடியும். பயம் போனாத்தான் பத்து பேரு வருவாங்க. அதுக்கு நானு. ‘கராத்தே, லத்தி, எல்லாம் சொல்லித் தரேன் சார்’னு நான் மார தட்டுனேன். ஐசக் சார் என் தொப்பைய ஒரு தபா பாத்தாரு.

“அதெல்லாம் வேணாம் மாஸ்டர். யாரையும் அடிக்க வேணாம். முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதோன்னு திரும்பிப் பாக்காம கும்பிடணும், அது போதும்.”

நாற்காலி போட்ட காவல்காரன்

ஞாயித்துக்கெழம காலைல கிளாஸ். வாலண்டியருங்கள்ல மொத ஆளு பென்னி. ஏசி ரிப்பேர் பண்றவன். ஆளு மூட்ட மாரி இருப்பான், மனசு பஞ்சு மாரி இருக்கும். அப்புறம் நம்ம டேனி, ஐடி கம்பெனி. நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு, மூணு கேள்வி. யாரு? எதுக்கு வந்த? உள்ள யாரத் தெரியும்? மூணுக்கும் பதில் வந்து, பைய தொறந்து காட்ற வரைக்கும் கேட்டு தொறக்கக் கூடாது. அப்பன் வந்தாலும் சரி. அப்புறம் ஒரு ரூலு. கேட்ல நிக்கிறவன் மொகம் ரோட்ட பாத்துகினு இருக்கணும், உள்ள இன்னா நடந்தாலும் திரும்பக் கூடாது.

ரெபேக்கா அக்காவும் வந்து நின்னுச்சு. ‘அக்கா, இது ஆம்பளைங்க சமாச்சாரம், நீங்க டீயப் போடுங்க’ன்னுட்டேன். சமையல்கட்டு ஜன்னலு நேரா கேட்ட பாத்து கீது. அக்கா அங்க போய் குந்திகினு வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சிட்சி.

நான் கெட்டவன் வேசம் போட்டுகினு, மூஞ்ச மொறப்பா வச்சிகினு, கைல ஒரு பைய தூக்கிகினு கேட்டாண்ட வந்தேன். பென்னி மொத கேள்விய ஒழுங்கா கேட்டான். ‘உனக்கு இன்னாடா’ன்னு ஒரு அதட்டு போட்டேன். அவ்ளோதான், ஆளு பதறிட்டான். வெயில்ல நிக்க உட்டதுக்கு ஒரு சாரி. கைலருந்து பைய வாங்கிகினான். தொறந்து பாக்கறதுக்கு இல்ல, எனக்கு கை வலிக்குமாம். நாற்காலி வந்துச்சு, தண்ணி வந்துச்சு. ஜன்னலுக்குள்ள இருந்து கண்ணத் தொடச்சிகினே அக்கா சொல்லிச்சு, அது வெங்காயக் கண்ணீரா சிரிப்புக் கண்ணீரா தெரில.

“பென்னி, அவர் கொள்ளையடிச்சத எடுத்துட்டுப் போக ஆட்டோ பிடிச்சுக் குடுத்துடு.”

ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்

கூட்டம் கூட்ற எடத்துல தலைய எண்றது எங்க தொழில்ல பாலபாடம். உள்ள எத்தினி பேரு போனான், வெளில எத்தினி பேரு வந்தான். நெருப்புன்னா ஓடி வர்ற பிராக்டீஸ் குடுத்து, எல்லாரையும் மாமரத்துக்கு கீழ நிக்க வச்சி, வெரல நீட்டி ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னு ஆரம்பிச்சேன். ஐசக் சார் ஓடியாந்து என் வெரல மடக்கிட்டாரு. மனுசங்கள நம்பர் போட்டு எண்ணக் கூடாதாம். மூட்டையா, ஆடு மாடா? அப்ப பத்து பேரு கீறாங்களான்னு எப்டிதான் பாப்பீங்கன்னேன். வேதத்துல பத்து வார்த்த கீற ஒரு வரிய சொல்லி, ஆளுக்கு ஒரு வார்த்த உடுவாங்களாம். வரி முடிஞ்சா பத்து பேரு.

அவங்க வார்த்த என் வாய்ல நொழையல. தமிழே எனக்கு தகராறு. ராத்திரி பூரா ரோசன பண்ணேன். மறு வாரம் போய் நம்ப லோக்கல் ரயிலு நிக்கிற ஸ்டேஷன் பேர வரிசையா, ஆளுக்கு ஒண்ணா கைய காட்டி சொன்னேன். கொரட்டூரு, பட்டரவாக்கம், அம்பத்தூரு, திருமுல்லவாயலு, அண்ணனூரு, ஆவடி, இந்து காலேஜி, பட்டாபிராமு, நெமிலிச்சேரி, திருநின்றவூரு. கரீட்டா பத்து. வண்டி திருநின்றவூரு வந்துட்டா ஜெபம், நெமிலிச்சேரில நின்னுட்டா பேஜாரு. ஐசக் சார் இத்த கேட்டு கோச்சிக்குவாருன்னு பாத்தா, தொப்பிய தூக்கி தலைய சொறிஞ்சிகினாரு.

“நம்பர் இல்ல, பேர்தான. தப்பில்ல மாஸ்டர். ஆனா என்னை மட்டும் ஆவடில நிறுத்துங்க, அங்கதான் ஃபாஸ்ட் வண்டி நிக்கும்.”

கொசு மருந்து வண்டி

நம்ப தொழிலுக்கு வாக்கிடாக்கி கண்டிப்பா வேணும். நானும் கம்பெனிலருந்து ரெண்டு எத்துகினு போனேன். வெள்ளிக்கெழம பொழுது சாஞ்சதுலருந்து சனிக்கெழம பொழுது சாயற வரைக்கும் அவங்களுக்கு ஓய்வு நாளாம். போனு, லைட்டு சுச்சி, எதையும் தொட மாட்டாங்க. உசுருக்கு ஆபத்துன்னா தொடலாம், அத்த வேதமே சொல்லுது, ஆனா சும்மா ‘ஓவர் ஓவர்’னு பேசிகினு நிக்கக் கூடாதுன்னாரு ஐசக் சார். ஜெபம் நடக்கறதே அந்த நேரத்துலதான். சரி, கரண்ட்டு இல்லாத சிக்னலு வேணும். ரோசன பண்ணி இருமல கண்டுபுடிச்சேன். கேட்ல நிக்கிறவன் விடாம இருமுனா, உள்ள கீறவங்க எல்லாம் பின்கட்டு ரூமுக்கு போய் தரையோட தரையா படுத்துடணும். சத்தம் காட்டக் கூடாது.

அந்த வெள்ளிக்கெழம கேட்ல பென்னி. தெருமுனைல கொசு மருந்து அடிக்கிற வண்டி திரும்புச்சு. ஏரிக்கர கொசுக்கு அவனுங்க அடிக்கிற பொகை உங்களுக்கே தெரியும், எதிர்ல கீற எரும கூட தெரியாது. பென்னி இருமுனான் பாருங்க, ஒரு ஆஸ்பத்திரிக்கே பத்தும். உள்ள எல்லாம் புஸ்தகத்த மூடிட்டு பின்கட்டுக்கு போய் கவுந்து படுத்துட்டாங்க. வண்டி போய், பொகை கலைஞ்சி, பென்னி மூஞ்ச கழுவிகினு உள்ள வந்து பாத்தா ஒரு ஆளக் காணோம். இவன் பயந்து போய் இன்னும் இருமியிருக்கான். ஞாயித்துக்கெழம நான் போனப்போ ஐசக் சார் இடுப்புல கைய வச்சிகினு நின்னாரு.

“எல்லாரும் நீங்க சொன்ன மாதிரியே படுத்தோம் மாஸ்டர். எழுந்திரிக்கறதுக்கு என்ன சிக்னல்னுதான் நீங்க சொல்லித் தரலை.”

படம் புடிச்ச ஆளு

டேனி ஒரு நாளு போன் பண்ணி கொரல் தாழ்த்தி பேசுனான். ஒருத்தன் ரெண்டு வாரமா வர்றானாம், எதிர்ல பைக்க நிறுத்திட்டு ஊட்ட படம் புடிக்கிறானாம், அளவு எடுக்கற மாரி நடக்கறானாம். ஒடனே பைக்க எத்துகினு அங்க போய்ட்டேன். எல்லாம் சிரிப்பா சொல்லிகினு வரேனே, இந்த பயம் மட்டும் சிரிப்பு இல்ல. அக்கா மூஞ்சப் பாத்தேன். இந்த சேதி வெளில போச்சுன்னா வர்ற நாலு பேரும் வர மாட்டாங்கன்னு அதுக்கு தெரியும்.

அடுத்த தபா ஆளு வந்தப்போ நான் பின்னாடியும் டேனி முன்னாடியுமா மடக்கிட்டோம். டேனி மூணு கேள்வியும் கேட்டான், கொரல் நடுங்குச்சு ஆனா கேட்டான். ஆளு சாவகாசமா பைய தொறந்து காட்டுனான். உள்ள ஒரு கத்த விசிட்டிங் கார்டு. செம்பரம்பாக்கத்துலருந்து திருநின்றவூரு வரைக்கும் எங்க காலி எடம் கீதோ அங்கெல்லாம் அலையிற பிளாட் புரோக்கரு. ஏரி பாத்த மன, ரெண்டு பக்கம் ரோடு, பார்ட்டி ரெடியா கீதுன்னான். வித்தா சொல்றோம், கெளம்புன்னு நான் அனுப்பி வச்சேன். போனவன் பைக்க திருப்பிகினு திரும்ப வந்தான்.

“அண்ணாத்தே, இந்தக் காவலு ஊட்டோட சேந்து வருதா, தனியா வருதா? பார்ட்டி கேப்பான்.”

பச்ச ஓல

அவங்களுக்கு ஒரு பண்டிக கீது. வாசல்ல ஓலைல குடிச போட்டு ஏழு நாளு அதுக்குள்ளதான் சாப்பாடு. அந்த காலத்துல அவங்க முப்பாட்டனுங்க பாலைவனத்துல குடிசைல இருந்த ஞாபகமாம். பென்னியும் டேனியும் பச்ச தென்னங்கீத்து வாங்கியாந்து, நல்லா அம்சமா ஒரு குடிச கட்டி, பழம் பூவெல்லாம் தொங்க உட்டுட்டாங்க. நம்ப பக்கம் வாசல்ல பச்ச ஓல குடிச எதுக்கு கட்டுவோம்? நான் சொல்லணுமா?

எதிர் ஊட்டு வசந்தாம்மா பழைய ஊர்க்காரங்க. அந்த தெரு மொத்தமும் ஒரு காலத்துல அவங்க வயலு. பட்டுப் பொடவ கட்டிகினு, தட்டுல தேங்கா, வாழப்பழம், மஞ்ச, குங்குமம், கண்ணாடி வளையலு, பாவாட துணி எல்லாம் வச்சிகினு வந்து கேட்டாண்ட நின்னுச்சு. பென்னிக்கு அன்னிக்கின்னு வீரம் வந்துட்சி. யாருன்னான். எதிர் ஊடுன்னுச்சு. எதுக்குன்னான். பொண்ணப் பாக்கன்னுச்சு. உள்ள யாரத் தெரியும்னான். பொண்ணு பேரத்தான் கேக்க வந்தேன்னுச்சு. பென்னி கேட்ட தொறக்கவே இல்ல, வளையல ஒண்ணொண்ணா எடுத்து செக் பண்ணான். நான் பெருமைல பூரிச்சிட்டேன். உள்ள குடிசைல குந்திகினு இருந்தது தாடி வச்ச டேனி. ஓடிப் போய் வசந்தாம்மாகிட்ட பண்டிகையப் பத்தி வெளக்கமா சொன்னேன். அது கொஞ்சமும் அசரல. தட்ட அப்டியே டேனி கைல குடுத்து, நெத்தில குங்குமத்த வைக்கப் போச்சு. அவன் ‘வேணாங்க, வேணாங்க’ன்னு பின்னாடியே போய் ஓலைல சாஞ்சிட்டான்.

“ஏழு நாளு ஓலைக்குள்ள குந்த வச்சி சோறு போட்றீங்க. எங்க ஜனத்துல பொண்ணுக்கு, உங்க ஜனத்துல பையனுக்கு. அவ்ளோதான, இதுக்கு ஏன் தம்பி வெக்கப்பட்ற?”

என் மச்சானுக்கு கெடச்ச மரியாத

எல்லாம் கத்துக்கினாங்களான்னு பாக்க ஒரு பரீட்ச வைக்கணும்ல. எம்பொண்டாட்டி தம்பி குமாரு சும்மாத்தான் சுத்திகினு கீறான். அவன ஒரு வெள்ளிக்கெழம சாயங்காலம் தெரியாத ஆளா அனுப்புனேன். இன்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லு, எவ்ளோ தூரம் உள்ள உட்றாங்கன்னு பாத்துகினு வான்னேன். நீயே போய் அங்க காவலு நிக்கறதுதானன்னு நீங்க கேப்பீங்க. வெள்ளி சனி எனக்கு பூந்தமல்லில மண்டப டூட்டி. சம்பளத்துக்கு ஆளு போட்டுக்கலாமேன்னு நானும் ஐசக் சார்கிட்ட சொல்லிப் பாத்தேன். வர்றவன் நம்ம ஆளா இல்லையான்னு மொகம் தெரிஞ்சவங்கதான் நிக்கணும், வாரத்துக்கு ஒரு ஆளு மாறி வந்தா அவனையே நாங்க மூணு கேள்வி கேக்கணும்னுட்டாரு. அதுவும் நாயந்தான்.

குமாரு போன நேரம் வண்டி பட்டாபிராமுல நிக்குது. உள்ள எட்டு பேரு. கேட்ல பென்னி, அவன சேத்தா நெமிலிச்சேரி. ஒருத்தன் வரமாட்டானான்னு எல்லாரும் வாசலையே பாத்துகினு கீறாங்க. அந்த நேரம் பாத்து இவன் போய் நிக்கிறான். பென்னி ஒரே கேள்விதான் கேட்டான், ‘நம்ம ஆளா?’ குமாரு ஆமான்னான். அவ்ளோதான், பென்னி இவன் கையப் புடிச்சி இழுத்துகினு உள்ள ஓடிட்டான். கேட்டு பப்பரப்பான்னு தொறந்து கெடக்குது. தலைல தொப்பி வச்சி, கைல புஸ்தகத்த குடுத்து, மொத வரிசைல நிக்க வச்சிட்டாங்க. டேனி கண்ணுல தண்ணியே வந்துட்சாம். ஐசக் சார் ஆசையா இவன் தோள்ல கைய போட்டு, அப்பா பேரு இன்னா தம்பின்னு கேட்டிருக்காரு. இந்த அறிவாளி, முனுசாமின்னான்.

யாரும் திட்டல. புஸ்தகத்த பதமா வாங்கி வச்சிட்டு, ஒன்பது பேரு சொல்ற பாதி ஜெபத்த சொல்லிட்டு, இவன பந்தில குந்த வச்சி சாப்பாடும் போட்டாங்க. அக்கா மட்டும் சமையல்கட்டுக்குள்ள போய் நின்னுகிச்சாம். ரெண்டு வாரத்துல சாலமன் அண்ணன் நாளு. ஞாயித்துக்கெழம ஐசக் சார் வெளக்கி சொன்னாரு, அப்பதான் எனக்கே ஒறைச்சிது. நான் கேட்ல நிறுத்துற ஒவ்வொரு ஆளும் உள்ள கொறையிற ஒரு ஆளு. காவலு இல்லன்னா பத்து பேரு வர மாட்டாங்க, காவலு போட்டா பத்து பேரு இருக்க மாட்டாங்க. குமாரு மட்டும் இன்னும் கனவுலயே கீறான்.

“மாமே, என் கல்யாணத்துல கூட எனக்கு இப்டி ஒரு மரியாத கெடைக்கல. அடுத்த வெள்ளிக்கெழமயும் பரீட்ச கீதா?”

நெமிலிச்சேரில நின்ன வண்டி

சாலமன் அண்ணன் நாளு வர்ற அந்த வெள்ளிக்கெழமயும் வந்துச்சு. பத்து பேரு வரோம்னு சொல்லியிருந்தாங்க, ஒருத்தரு கேட்டுக்கு போனாலும் உள்ள பத்து நிக்கணும்னு பதினோராவதா அவங்க ஜனத்து வெள்ளக்கார இஞ்சினியரு ஒருத்தரு, ஸ்ரீபெரும்புதூரு பேக்டரில வேல செய்றவரு. நான் மண்டபத்துல மாப்ள ஊட்டுக்காரங்கள சமாளிச்சிகினு கீறேன், பொழுது சாயறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஐசக் சார்கிட்ட இருந்து போனு. இஞ்சினியருக்கு டைபாய்டு. உள்ள ஒன்பது பேரு, கேட்ல பென்னி. பென்னிய உள்ள கூப்டா பத்து, ஆனா கேட்டு காலி. அன்னிக்கி வந்தவங்கள்ல ரெண்டு பேரு, கேட்ல ஆளு நிக்கிதுன்னு சொன்னதாலதான் வந்தவங்க. ‘என்ன பண்ணட்டும் மாஸ்டர்’னு கேட்டாரு. கேட்டு காலியா உடக் கூடாதுன்னு மாசக் கணக்கா கத்துனது நான்தான. அந்தப் பக்கம் யாரோ இன்னாமோ சொன்னாங்க, போனு கட்டாய்ட்சி. அதுக்கப்புறம் எடுக்க மாட்டாங்க, பொழுது சாஞ்சிட்சி.

கேட்டாண்ட நிக்க சொல்லலாம்னு குமாருக்கு அடிச்சேன், போனு சுச்சாப். தேவப்பட்ற நேரத்துல சுச்சாப் ஆவறதுக்குன்னே பொறந்தவன் அவன். கூட நின்னவன் கைல விசில குடுத்து, வந்துட்றேன்னு சொல்லிட்டு, பைக்க எத்துகினு கெளம்பிட்டேன். பூந்தமல்லிலருந்து அயனம்பாக்கம் வெள்ளிக்கெழம சாயங்காலம் எப்டி இருக்கும்னு போறவங்களுக்கு தெரியும். லாரிக்கு நடுவுல பூந்து பூந்து போறேன், மனசுல ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணு, கேட்டு தொறந்து கெடக்கும். இல்ல, டேனி வாய மூடிகினு நிப்பான். ரெண்டுல எது பாத்தாலும் அந்த அக்கா மூஞ்சில எப்டி முழிக்கறது?

தெருவுல திரும்புறேன். கேட்டு சாத்தி கீது. லைட்டுக்கு கீழ ரெபேக்கா அக்கா நிக்குது. நல்ல பொடவ, தலைல முக்காடு, முந்தானைய இடுப்புல சொருவிகினு, நான் சொல்லிக்குடுத்த மாரியே கேட்டுக்கு ஒரு கையி தள்ளி, மொகம் ரோட்ட பாத்து. நான் பல்ல காட்டிகினு கேட்ட தள்ளப் போனேன்.

“யாரு?”

‘அக்கா, நான்தான்’னேன். ஹெல்மெட்ட கழட்ட சொல்லிச்சு. கழட்டுனேன். எதுக்கு வந்தன்னுச்சு. சும்மா பாக்கன்னேன். உள்ள யாரத் தெரியும்னுச்சு. உங்களத்தான்னேன். நான் உள்ள இல்லையேன்னுச்சு. சிரிப்பு வருதான்னு பாத்தா வர்ல. டிபன் பைய தொறந்து காட்ட சொல்லிச்சு. எம்பொண்டாட்டி கட்டி குடுத்த தக்காளி சோத்த தொறந்து காட்டிகினு நடுத்தெருவுல நிக்கிறேன் நானு, அந்த ஊட்டுக்கு காவலு கத்துக்குடுத்த மாஸ்டரு. எதிர் ஊட்டு மாடிலருந்து வசந்தாம்மா வேடிக்க பாக்குது.

அப்ப உள்ளருந்து டேனி கொரல் கேட்டுச்சு. தனியா, மொதல்ல கொஞ்சம் தடுக்கிச்சு, அப்புறம் நேராப் போச்சு. நடுவுல நடுவுல மத்தவங்க எல்லாம் சேந்து ஆமேன் சொல்றாங்க. ஜெப ரூமு ஜன்னலு கேட்லருந்து ரெண்டு ஆள் தூரம்தான். திரும்புனா புள்ள தெரிவான். அக்கா திரும்பல. ரோட்ட பாத்துகினே, உதடு மட்டும் அசையுது, எல்லாரு கூடவும் சேந்து ஆமேன்னுச்சு. வழில குடிச்ச லாரி பொகையோ இன்னாவோ, எனக்கு இருமலு முட்டிகினு வந்துச்சு. நான் இருமக் கூடாது வேற, இருமுனா உள்ள எல்லாம் படுத்துடுவாங்க.

மெதுவா சொன்னேன். அக்கா, நீ போய் ஜன்னலாண்ட நின்னு புள்ளயப் பாரு, நான் நிக்கிறேன்னு. அப்ப கூட என்னப் பாக்கல. தெருமுனைல ஒரு ஆட்டோ திரும்புச்சு, அது போற வரைக்கும் அத்தயே பாத்துச்சு. அப்புறம்தான் வாயத் தொறந்துச்சு.

“உள்ள என்னைய எண்ண மாட்டாங்க மாஸ்டர். அதான் கேட்டுக்கு நானே போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதோ, வண்டி திருநின்றவூருக்குப் போயிட்டிருக்கு. வண்டி போற வரைக்கும் கேட்டு தெறக்காது, நீ அந்தாண்ட தள்ளி நில்லு.”

ஆம்பளைங்களா பாத்து பாத்து நான் மாசக் கணக்கா தொண்ட கிழிய நடத்துன கிளாஸ, ஜன்னலுக்கு அந்தாண்ட வெங்காயம் உரிச்சிகினு படிச்சி பாஸ் பண்ணது அந்த ஒரு அக்காதான்.

சரி, இம்மாந்நேரம் ஓசில படிச்சிட்டு அப்டியே நழுவலாம்னு பாக்காதீங்க நைனா, ஆளுக்கு ஒரு டீயும் சூடா ரெண்டு போண்டாவும் என் பேருக்கு அம்பத்தூரு ஸ்டேஷனாண்ட சொல்லி வச்சிட்டுப் போங்க, இல்லன்னா நாளைக்கி உங்க ஊட்டு கேட்டாண்ட ரெபேக்கா அக்காவ நிக்க வச்சிடுவேன், அப்புறம் உங்க ஊட்டுக்குள்ள நீங்களே போவ முடியாது.